திரெக்தர் வேறு, டைரக்டர் வேறு: பிரெஞ்சு நிறுவனப் பதவிகளை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு நிறுவன ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுபவர்களைக் கவிழ்ப்பது கடினமான சொற்கள் அல்ல. கடினமான சொல் வந்தால் அகராதியைப் பார்ப்போம், தெரிந்தவரிடம் கேட்போம். ஆங்கிலச் சொல்லின் ஜாடையிலேயே இருக்கும் சொற்களிடம்தான் ஏமாறுகிறோம். பார்த்தவுடன் புரிந்துவிட்டதாக நினைத்துக் கை தானாக எழுதிவிடும்.

'திரெக்தர்' அப்படிப்பட்ட சொல். பிரெஞ்சில் அது பெரும்பாலும் ஒரு துறையின் தலைவரைத்தான் குறிக்கும். 'திரெக்தர் கொமெர்சியால்' என்றால் விற்பனைப் பிரிவின் தலைவர். மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர், போர்டில் இடம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்திய, பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டங்களில் டைரக்டர் என்றால் போர்டு உறுப்பினர். அந்த உறுப்பினருக்குப் பிரெஞ்சில் 'அத்மினிஸ்த்ரத்தர்' என்று பெயர். இதை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். கம்பெனி நொடித்துப்போய், அதைக் கவனிக்க யாரையோ நியமித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று லண்டன்காரர் நினைப்பார். ஆக, அத்மினிஸ்த்ரத்தர்தான் டைரக்டர். திரெக்தரை 'ஹெட்' என்றோ 'மேனேஜர்' என்றோ எழுதலாம்.

அடுத்தது பேதேழே. 'ப்ரெசிதான் திரெக்தர் ழெனெரால்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். இதை 'டைரக்டர் ஜெனரல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைப் படித்தால் நமக்கு டிஜிபிதான் நினைவுக்கு வருவார், கம்பெனி முதலாளி வரமாட்டார். பேதேழே என்பது ஒரே ஆளிடம் இருக்கும் இரண்டு பதவிகள்: போர்டுக்கும் அவர் தலைவர், அன்றாட நிர்வாகத்துக்கும் அவரே தலைவர். அதனால் 'சேர்மன் அண்ட் சிஇஓ' என்று எழுத வேண்டும். போர்டு வைத்த எஸ்ஏ வகை நிறுவனங்களில் (நம்மூர் பப்ளிக் லிமிடெட் கம்பெனி மாதிரி) இந்த இரண்டு பதவிகளையும் பிரித்துக்கொள்ள 2001 மே 15-ஆம் தேதிச் சட்டம்தான் வழிவிட்டது. அதனால் ஆவணத்தின் தேதியைப் பார்க்காமல் பதவியை மொழிபெயர்க்கக் கூடாது. அழகுசாதன நிறுவனமான லொரேயாலின் ழான்-போல் அகோன் 2019 ஆவணத்தில் சேர்மன் அண்ட் சிஇஓ. 2021-இல் நிக்கோலா இயெரோனிமுஸ் சிஇஓ ஆனபிறகு வந்த ஆவணங்களில் அகோன் சேர்மன் மட்டுமே. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிஇஓவுக்குக் கீழே இன்னொரு சிக்கல். 'திரெக்தர் ழெனெரால் தெலெகே' என்று ஒருவர் இருப்பார், 'திரெக்தர் ழெனெரால் அத்ழுவான்' என்று இன்னொருவர் இருப்பார். இருவரையுமே 'டெபுடி சிஇஓ' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பலர். ஆனால் தெலெகே என்பது சட்டம் அங்கீகரித்த பதவி. போர்டு நியமிப்பது, ஐந்து பேருக்கு மேல் வைக்க முடியாது. வெளியாரைப் பொறுத்தவரை சிஇஓவுக்கு உள்ள அதே அதிகாரம் அவருக்கும் உண்டு. அத்ழுவான் என்பது கம்பெனி தன் விருப்பப்படி கொடுக்கும் பட்டம், பெரும்பாலும் ஊழியர்தான். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டது என்ற கேள்வி எழுந்தால் இந்த வித்தியாசம் பணமாகப் பேசும். தெலெகேவை 'டெபுடி சிஇஓ' என்று வைத்துக்கொண்டால், அத்ழுவானை 'எக்ஸிக்யூட்டிவ் வைஸ் பிரசிடென்ட்' என்று எழுதி விலக்கிவைக்கலாம். எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஏவிலேயே இரண்டடுக்கு முறை ஒன்றும் உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஜெர்மானிய முறையைப் பார்த்துக் கொண்டுவந்தது. மேலே மேற்பார்வை செய்யும் 'கோன்செய் த சுர்வெயான்ஸ்', அதாவது சூப்பர்வைசரி போர்டு. கீழே கம்பெனியை நடத்தும் 'திரெக்துவார்', அதாவது மேனேஜ்மென்ட் போர்டு. இதை 'டைரக்டரி' என்று எழுதினால் 1795 முதல் 1799 வரை பிரான்சை ஆண்ட புரட்சிக்கால அரசாங்கமாகிவிடும், இல்லையென்றால் தொலைபேசிப் புத்தகமாகிவிடும். இரண்டு அடுக்குக்கும் ஒவ்வொரு 'ப்ரெசிதான்' இருப்பார். ஆங்கிலத்தில் வெறுமே 'தி சேர்மன்' என்று எழுதினால் எந்த ஆள் என்று தெரியாது. கம்பெனியை நடத்துகிறவர் திரெக்துவாரின் ப்ரெசிதான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதவிக்குப் பொருள் தருவது அந்தச் சொல் மட்டுமல்ல, நிறுவனத்தின் சட்ட வடிவமும்தான். எஸ்ஏவா, எஸ்ஏஎஸ்ஸா, எஸ்ஏஆர்எல்லா என்று பார்க்காமல் முதல் வரியைக்கூட எழுதக் கூடாது என்பது என் கட்சி. எஸ்ஏஎஸ் 1994-இல் வந்த, விதிகள் எளிமையான பங்கு நிறுவன வடிவம். அதில் ப்ரெசிதான் கட்டாயம், போர்டு கட்டாயமில்லை. ஒரே பங்குதாரர், ஒரே ப்ரெசிதான் என்று ஒற்றை ஆளே நடத்தலாம். போர்டே இல்லாத இடத்தில் 'சேர்மன்' எதற்கு? அங்கே 'பிரசிடென்ட்' என்பதுதான் சரி.

எஸ்ஏஆர்எல், நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான வடிவம், நமக்கு இன்னும் நெருக்கமானது. பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் மளிகைக்கடையோ உணவகமோ நடத்தும் ஈழத்தமிழர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கம்பெனிப் பதிவுச் சான்று, அங்கே எல்லோரும் 'கபிஸ்' என்று சொல்லும் தாளில், அவர் பெயருக்குப் பக்கத்தில் 'ழெரான்' என்று இருக்கும். கனடா குடியேற்ற மனுவுக்காக அதை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் 'மேனேஜர்' என்று எழுதிவிட்டார். இப்போது சொந்தக் கடைக்காரர், யாரோ ஒருவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் மேனேஜராகிவிட்டார். சரி, 'ஓனர்' என்று எழுதலாமா? அதுவும் தப்பு. ழெரான் என்றால் கம்பெனியைச் சட்டப்படி நடத்துகிறவர். அவரிடம் பெரும்பான்மைப் பங்கு இருக்கலாம், ஒரு பங்குகூட இல்லாமலும் இருக்கலாம். நான் எழுதினால் 'மேனேஜிங் டைரக்டர்' என்று போட்டு, பக்கத்தில் சாய்வெழுத்தில் பிரெஞ்சுச் சொல்லையும் வைத்து, சட்டப் பிரதிநிதி என்று ஒரு வரி அடிக்குறிப்பு சேர்ப்பேன். பங்கு யாரிடம் என்பதற்குக் கம்பெனியின் அமைப்பு விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்குப் பிரெஞ்சில் 'ஸ்தாத்யு'. அதை 'ஸ்டாட்யூட்ஸ்' என்று எழுதாதீர்கள், 'ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்'.

எல்லாவற்றையும்விட அதிகம் வழுக்கும் இடம் 'சோசியால்'. இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பிறப்பு. ஒன்று 'சோசியேத்தே', அதாவது கம்பெனி. அந்த வழியில் வரும் 'சியேழ் சோசியால்' என்பது ரெஜிஸ்டர்ட் ஆபீஸ், 'கபித்தால் சோசியால்' என்பது ஷேர் கேபிட்டல், 'மான்தத்தேர் சோசியால்' என்பது கார்ப்பரேட் ஆஃபீசர். கடைசியாகச் சொன்னதை 'சோஷியல் ஏஜென்ட்' என்று எழுதினால் தொண்டு நிறுவன ஊழியர் மாதிரி இருக்கும். இன்னொரு பிறப்பு தொழிலாளர் வழி. 'ப்ளான் சோசியால்' என்றால் ஏதோ நலத்திட்டம் என்று தோன்றும், ஆனால் அது ஆட்குறைப்புத் திட்டம்! 'ஷார்ழ் சோசியால்' என்றால் ஊழியருக்காகக் கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தா. 'கோன்த் சோசியோ' எந்த வழி? கம்பெனி வழி. குழும அளவில் ஒருங்கிணைக்காத, அந்த ஒரு கம்பெனியின் தனிக்கணக்கு. 'பிலான் சோசியால்' எந்த வழி? தொழிலாளர் வழி. 'பிலான்' என்றால் பேலன்ஸ் ஷீட்தானே என்று எழுதிவிடாதீர்கள். ஊழியர் எண்ணிக்கை, சம்பளம், விபத்து, பயிற்சி பற்றிய அறிக்கை அது. 300 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்காக 1977-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஊழியர் பிரதிநிதிகள் அமரும் 'கோமித்தே சோசியால் எ எகோனோமிக்' 2017 அவசரச் சட்டங்களால் வந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் 'சோஷியல் அண்ட் எகனாமிக் கமிட்டி' என்று எழுதினால் கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணிகளைக் கவனிக்கும் சிஎஸ்ஆர் குழு என்றுதான் நினைப்பார்கள். 'ஒர்க்ஸ் கவுன்சில்' என்றால் விளங்கும்.

'காத்ர்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது. நமக்குத் தெரிந்த 'கேடர்' ஐஏஎஸ் ஒதுக்கீடு, இல்லாவிட்டால் கட்சித் தொண்டர். பிரான்சிலோ அது வேலைவாய்ப்பில் ஒரு அந்தஸ்து. 1947 முதல் அவர்களுக்குத் தனி ஓய்வூதிய நிதியே இருந்தது, 2019-இல்தான் மற்றவர்களுடையதோடு இணைத்தார்கள். முதல் வேலையில் சேர்ந்த இளம் பொறியாளரும் காத்ர்தான், அவருக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும். ஆகவே 'எக்ஸிக்யூட்டிவ்' என்றோ 'மேனேஜர்' என்றோ கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. புள்ளிவிவர அட்டவணையில் 'மேனேஜர்ஸ் அண்ட் புரொஃபஷனல்ஸ்' என்று போடலாம். 'காத்ர் திரிழான்' என்று வந்தால் மட்டும் தயங்காமல் 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ்'.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. 'கோமிசேர் ஓ கோன்த்' என்பவர் கமிஷனர் அல்ல, ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர். 'கொலபொரத்தர்' என்றால் சாதாரண ஊழியர். பிரெஞ்சுக்காரர் பேச்சில் வரும் 'டர்னோவர்' வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம். விற்பனை வருமானத்துக்கு அவர்கள் சொல்வது 'ஷிஃப்ர் தஃபேர்'. 'தெலே' என்றால் தாமதம் இல்லை, கெடு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலைப்பட்டியல் தேதியிலிருந்து பணம் கொடுக்கப் பொதுவாக 60 நாள் உச்சவரம்பு. இதை 'பேமென்ட் டிலே 60 டேஸ்' என்று எழுதியனுப்பினால், வாங்குகிறவர் இரண்டு மாதமாகக் காசு தராமல் இழுத்தடிக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். 'பேமென்ட் டெர்ம்ஸ்' என்று எழுதுங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் சொந்தமாக எதையும் உருவாக்காதீர்கள். பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டறிக்கையை ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றன. தங்கள் பதவிகளுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அதில் இருக்கும். டயர் நிறுவனமான மிஷ்லின், ஆடம்பரப் பொருள் நிறுவனமான எர்மெஸ் இரண்டுமே ஒரே சட்ட வடிவத்தில் உள்ளவை. அது எஸ்ஏஆர்எல் அல்ல, ஆனால் அதையும் ழெரான்தான் நடத்துவார். ஆனால் மிஷ்லின் தன் தலைவரை 'மேனேஜிங் சேர்மன்' என்கிறது, எர்மெஸ் 'எக்ஸிக்யூட்டிவ் சேர்மன்' என்கிறது. உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, செய்திக்குறிப்பிலும் விசிட்டிங் கார்டிலும் அவர்கள் வைத்த பெயரையே போடுங்கள். ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம் என்று வந்தால் பக்கத்தில் பிரெஞ்சுப் பதவிப்பெயரும் இருக்கட்டும்.