பழைய புல்லட்டுக்கு பெரிய டேங்க் மாட்டப் போறீங்களா? பெயின்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இஞ்சின் புல்லட் 350 வச்சிருக்குற முக்கால்வாசி பேருக்கு என்னைக்காவது ஒரு நாள் இந்த ஆசை வந்துடும், பெரிய டேங்க் ஒண்ணு மாட்டிட்டு லாங் அடிக்கணும்னு. தப்பே இல்ல. ஆனா மொதல்ல ஒரு கணக்கு போட்டுருங்க. பழைய ஸ்டாண்டர்ட் டேங்க் 14.5 லிட்டர், வண்டி கண்டிஷன்ல இருந்து லிட்டருக்கு 35 குடுத்தா ஃபுல் டேங்குக்கு ஐநூறு கிலோமீட்டர் கிட்ட வருது. லடாக் போறவங்க எல்லாரும் போட்டோ எடுத்துக்குற, மணாலி-லே ரோட்டுல இருக்குற அந்த டாண்டி பங்க் போர்டு, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு எழுதிருக்குமே, அதுக்கே பேப்பர்ல பாத்தா ஸ்டாக் டேங்க் போதும் (மலையேத்தத்துல, அந்த உயரத்துல மைலேஜ் அடிவாங்கும்ங்கறது வேற கதை, ஒரு கேன் கட்டிக்கிட்டா ஆச்சு). சென்னையில இருந்து கன்னியாகுமரி போறதுக்கு 20 லிட்டர் டேங்க் தேவையான்னு கேட்டா, இல்லவே இல்ல, வழி நெடுக பங்க்தான். லுக்குக்காக மாட்டுறேன்னு சொன்னீங்கன்னா அது நியாயமான காரணம், அத ஒத்துக்கிட்டு வேலைய ஆரம்பிச்சா தேவையில்லாத லிட்டருக்கு காசு போகாது.

நிறைய பேர் பண்ற மொத தப்பு, டேங்க வாங்கினதும் நேரா பெயின்டர்கிட்ட தூக்கிட்டு போறது. கலர் அடிச்சு கோடு இழுத்து ஸ்டிக்கர் ஒட்டி பளபளன்னு கொண்டு வந்து வண்டியில வச்சா உக்காராது. அப்புறம் ஒரு ப்ராக்கெட்ட வெட்டணும், ஒரு எடத்துல தட்டணும், பெயின்ட் மொத்தமும் போச்சு. பெயின்ட் கடைசி வேலை. வெறும் தகரமா இருக்கும்போதே வண்டியில வச்சு பாத்து, பெட்ரோல் ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டிட்டு அப்புறம் அடிங்க. அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2012ல வந்த தண்டர்பேர்ட் (அதுவும் ராயல் என்ஃபீல்டு வண்டிதான்) டேங்க் 20 லிட்டர், புதுப்பேட்டைலயோ ஜி.பி. ரோட்லயோ சுத்தினா செகண்ட்ஸ்ல கண்ல படும். அதுல 350 கார்ப்ரேட்டர் வண்டி (பம்ப் இல்லாம பெட்ரோல் தன்னால எறங்குறது), 500 இன்ஜெக்‌ஷன் வண்டி. 500 டேங்குல பெட்ரோல் பம்ப் உள்ளேயே உக்காரும், அதனால அடியில பம்புக்குன்னு பெரிய ஓட்டை இருக்கும். விலை கம்மியா கெடைக்குதுன்னு அத தூக்கிட்டு வந்துட்டு அப்புறம் அந்த ஓட்டைய ப்ளேட் வச்சு அடைச்சு, பெட்ரோல தொறந்து மூடுற டேப்புக்கு (பெட்ரோல் காக்) தனியா எடம் பண்ணினா, மிச்சம் புடிச்ச காசு வெல்டர்கிட்ட போயிடும், லீக் பயமும் கூடவே வரும். திருப்பிப் போட்டு அடிய பாத்துட்டுதான் விலை பேசணும். அப்படியே டேப் மாட்டுற எடத்தையும் பாத்துக்கோங்க, பழைய பிரிட்டிஷ் வழி வந்த வண்டில கால் இஞ்ச் கேஸ் த்ரெட் (பைப்புல வர்ற மரை) இருக்கும், ஜப்பான் வழி வந்ததுல ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குற டைப். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, ப்ளம்பர் சுத்துற வெள்ளை த்ரெட் டேப்ப சுத்தி எம்-சீல் வச்சு ஒப்பேத்துறத நான் நேர்ல பாத்திருக்கேன், இஞ்சின் தலைக்கு மேல பெட்ரோல் சொட்டுற எடத்துல எம்-சீல், என்னத்த சொல்றது.

இப்போ ஃபிட்டிங். டேங்குக்கு அடியில நடுவுல ஃபிரேம் பைப் நுழையுறதுக்கு ஒரு பள்ளம் இருக்குல்ல, அது ஃபிரேமோட அகலத்துக்கு ஒத்து வரணும், ஹெட்லைட்டுக்கு போற வயர், க்ளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் எல்லாம் அந்த சந்துலதான் போகும். டேங்க வச்சு போல்ட் முடுக்கிட்டு ஹேண்டில்பார இந்தக் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி வரைக்கும் திருப்பி பாருங்க. டேங்க்ல இடிக்குதா, க்ளட்ச் லிவருக்கும் டேங்குக்கும் நடுவுல கட்டைவிரல் மாட்டுதான்னு பாக்கணும். அதோட இஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டுட்டு இதே மாதிரி திருப்புங்க, ஒரு பக்கம் திருப்பும்போது ரேஸ் தானா ஏறுச்சுன்னா கேபிள் டேங்குக்கு அடியில மாட்டி இழுக்குதுன்னு அர்த்தம். இத விட்டுட்டு ரோட்டுக்கு போனா யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானா பாயும். இந்த ஒரு செக் ரெண்டு நிமிஷம் ஆகாது, ஆனா பத்து பேர்ல ஒருத்தர் பண்ணா அதிகம்.

டேங்க் எந்த எடத்துலயும் ஃபிரேம் மேல நேரா தகரம் பட உக்காரக்கூடாது. சிங்கிள் சிலிண்டர் புல்லட்டோட அதிர்வு உங்களுக்கே தெரியும், முன்னாடி பின்னாடி ரப்பர் புஷ் இல்லாம முடுக்கினா கொஞ்ச நாள்ல வெல்டிங் ஓரத்துல மயிரிழை மாதிரி விரிசல் விட்டு சொட்ட ஆரம்பிக்கும். பழைய சைக்கிள் ட்யூப வெட்டி சுத்துறது தற்காலிகத்துக்கு ஓகே, பெட்ரோல் பட்டா ஊதிடும், புது புஷ்ஷே வாங்கி போடுங்க. அதே சமயம் ஆடுதேன்னு மரண முடுக்கு முடுக்கறதும் தப்புதான், ரப்பர் கொஞ்சம் நசுங்கணும், சப்பையாகக் கூடாது.

அதிகமா குழப்புறது பெட்ரோல் எறங்குற விஷயம். பழைய வண்டில பம்ப் கெடையாது, மேல இருந்து தன்னால எறங்கணும், அதனால டேப்போட வாய் கார்ப்ரேட்டர விட மேல இருந்தாகணும். பெரிய டேங்க்னா ரெண்டு பக்கமும் கீழ வரைக்கும் தொங்கும், டேப் இடது பக்கம் மட்டும் இருந்தா, பெட்ரோல் அந்த நடுப்பள்ளத்துக்கு கீழ எறங்கினதும் வலது பக்கம் இருக்குறது அங்கேயே தங்கிடும். 20 லிட்டர்னு சொல்லி மாட்டிட்டு ஒன்றரை லிட்டர சும்மா சுமந்துக்கிட்டு நடுரோட்டுல வண்டி நின்னு போயி, அப்புறம் வண்டிய இடது பக்கமா சாய்ச்சு சாய்ச்சு எடுக்குறதெல்லாம் இதனாலதான். ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு ஓஸ் போட்டு ரெண்டு முனையிலயும் க்ளாம்ப் அடிச்சிட்டா முடிஞ்சது.

அப்புறம் மூடி. மூடில காத்து உள்ள போறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைச்சிருந்தா, இல்ல ஓட்டையே இல்லாத மூடிய மாட்டிருந்தா, பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓடிட்டு வண்டி மூச்சு திணறி நிக்கும். கொஞ்ச நேரம் விட்டு அடிச்சா ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிக்கும். உடனே பிளக் மாத்து, கார்ப்ரேட்டர் கழட்டு, காயில் வீக்குன்னு மெக்கானிக் ஒரு லிஸ்ட் போடுவாரு. நின்ன உடனே மூடிய தொறந்து பாருங்க, புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சுன்னா கோளாறு அங்கதான். இது எல்லாத்துக்கும் ஒரே டெஸ்ட்டா, டேங்க்ல ரெண்டு லிட்டர் மட்டும் ஊத்தி, மூடிய மூடிட்டு, கார்ப்ரேட்டர் பக்கத்து ஓஸ கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு பாருங்க, வெட்டவெளில, பக்கத்துல பீடி சிகரெட் இல்லாம. நூல் அறுந்து போகாம ஒரே சீரா வரணும். ஓஸ் மேல ஏறி கீழ எறங்குற மாதிரி வளைஞ்சிருந்தா அங்க காத்து அடைக்கும், அளவா வெட்டிக்கோங்க. அந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப் வேண்டாம், சூட்டுல வெறைச்சு போயி வெடிச்சிடும்.

ரிசர்வும் மாறிடும். டேப்புக்கு மேல உள்ள நிக்குற குழாயோட உயரம்தான் ரிசர்வ் எவ்வளவுன்னு முடிவு பண்ணுது, பழைய டேங்க்ல ரிசர்வ்ல எவ்வளவு தூரம் போனீங்களோ அத இதுல நம்பாதீங்க. ஒரு தடவ பங்க் பக்கத்துலயே காலி ஆகுற வரைக்கும் ஓட்டி அளந்துக்கோங்க.

செகண்ட்ஸ் டேங்க்னா உள்ள துரு இல்லாம இருக்காது. டார்ச் அடிச்சு பாருங்க, வெளிய புதுசா பட்டி போட்டு பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகம் இன்னும் ஜாஸ்தி வரணும். லீக் டெஸ்ட்டுக்கு சோப்புத் தண்ணி தடவி சைக்கிள் பம்புல ரெண்டு அடி போதும், கம்ப்ரஸர் வச்சு அடிச்சா தகரம் பலூன் மாதிரி உப்பிடும். இப்போ வர்ற பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது, எத்தனால் தண்ணிய இழுத்துக்கும், பாதி டேங்கோட மாசக்கணக்குல நிறுத்தி வச்சா அடில தண்ணி தேங்கி துரு புடிக்கும். ஃபைபர் டேங்க் பக்கமே போகாதீங்க, எத்தனால் அந்த ரெசின எளக்கி கார்ப்ரேட்டர்ல பிசின் மாதிரி கொண்டு வந்து விட்டுடும்.

வெல்டிங் பத்தி மட்டும் கொஞ்சம் கறாரா சொல்லிடுறேன். பெட்ரோல் வடிச்சாச்சு, காலி டேங்க்தானே, பத்த வைக்கலாம்னு நெனைக்கறதுதான் உயிர் போற தப்பு. காத்துல ஏறக்குறைய ஒன்றரைல இருந்து ஏழரை சதவீதம் வரைக்கும் பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே வெடிக்கும், காலி டேங்க்ல அது பாட்டுக்கு அந்த அளவுல நிக்கும். பல வருஷம் சும்மா கெடந்த டேங்கா இருந்தாலும் துருவுக்குள்ளயும் மடிப்புக்குள்ளயும் ஒட்டியிருக்குறது சூடு பட்டதும் ஆவியா வரும். சோப்புப் பொடி, சுடுதண்ணி போட்டு பல தடவ அலசி, வெல்டிங் அடிக்கிற எடம் தவிர மத்த எல்லாத்தையும் தண்ணியால ரொப்பி, மூடி தொறந்த மாதிரி வச்சு, டேங்க் வேலை தெரிஞ்சவர்கிட்ட குடுங்க. கேட் கிராதி அடிக்கிற பட்டறைல வேண்டாம்.

வெயிட் பெரிய மேட்டர் இல்ல, அஞ்சரை லிட்டர் கூடினா நாலு கிலோ சொச்சம்தான், ஆனா மேல, முன்னாடி ஏறுது. பழைய ட்ரம் பிரேக்குக்கும் தளந்துபோன ஃபோர்க் ஸ்ப்ரிங்குக்கும் அது தெரியும். ஃபுல் டேங்க்ல மொத தடவ போகும்போது தூரம் விட்டே ஓட்டுங்க.

சட்டத்தையும் சொல்லிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிச்சு. அதனால ஃபிரேம வெட்டி ப்ராக்கெட் அடிக்கிற ஐடியாவ விட்டுட்டு, போல்ட்ல மாட்டி போல்ட்ல கழட்டுற மாதிரியே பண்ணுங்க. பழைய டேங்க எடைக்கு போட்டுடாதீங்க, பெட்ரோல வடிச்சு உள்ள கொஞ்சம் இஞ்சின் ஆயில் விட்டு உருட்டி பரண்ல போட்டு வைங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறப்போ அதுதான் மாட்டிக்கிட்டு போகணும்.