பக்கத்தில் வந்து திரும்பிப் போன டிரவுட்

ஸ்காட்லாந்தின் டே ஆற்றில், மே மாத மாலைகளில் தூண்டில் போடும்போது, எனக்கு ஒரே தொல்லை. பழுப்பு டிரவுட் என்ற மீன், தூண்டில் முள்ளில் பூச்சிபோலக் கட்டிய என் செயற்கைப் பூச்சியை நோக்கி எழும்பும். ஒரு சாண் தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பூச்சியை மாற்றினேன், சிறியதைக் கட்டினேன். பலனில்லை.

குனிந்து நீர்மட்டத்தை ஒட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பூச்சியின் பின்னால் மெல்லிய ஆப்பு வடிவில் நீர்க்கோடு! நிஜப் பூச்சி நீரோடு மிதந்துவரும், நீரைக் கிழித்துக்கொண்டு வராது. எனக்கும் மீனுக்கும் நடுவே ஓடிய வேகநீர், நீரில் மிதக்கும் என் தடித்த தூண்டில் நூலை வளைத்துப் பூச்சியை இழுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் நூல் நீரில் விழுந்த கையோடு கம்பின் நுனியைத் தூக்கி, நூலின் நடுப்பகுதியை மட்டும் நீர் வரும் திசைக்கு அரைவட்டமாகப் புரட்டிப் போடத் தொடங்கினேன். பூச்சி அசையக் கூடாது. மணிக்கட்டு பழகும்வரை பொறுமை வேண்டும். நூலின் நுனிக்கும் பூச்சிக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பை 9 அடியிலிருந்து 12 அடியாக்கினேன். கூடவே நான்கு எட்டு எடுத்துவைத்து மீனுக்குப் பக்கமாகப் போய் நின்றேன். குறுக்கே கிடக்கும் நூல் குறைந்தால் இழுப்பும் குறையும். பாதி வேலையை இதுவே முடித்தது. தூர வீசுவதைப் பெருமையாக நினைப்பவர்களுக்கு இது ருசிக்காது.

டிரவுட் இப்போது தயங்காமல் கவ்வுகிறது.

சால்மனின் கதை வேறு. கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தபின் அது இரை தேடுவதில்லை. குறுக்கே நீந்திப் போகும் பூச்சிதான் அதைச் சீண்டும். அதற்கு இழுப்பு வேண்டும். வேகநீரில் நூலை நீர் வரும் திசைக்குப் புரட்டிப் பூச்சியின் வேகத்தைக் குறைப்பேன். மந்தமான மடுவில் நீர் போகும் திசைக்குப் புரட்டிக் கூட்டுவேன்.