ஆமென் சொன்ன பிறகும் கவலை போகவில்லையா?

26 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தற்காலிகமாகத்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். வருட முடிவில் ஆடிட்டர் முதலில் கைவைப்பதும் அதில்தான். என் ஜெபமும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. எதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் மொத்தத்தையும் தள்ளிவிடுவேன். அப்புறம் படுக்கையில் புரளுவேன்.

இது எனக்கு உறைத்தது, என் கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒன்பது நாட்களில். ஆறாம் நாள் இரவு இருபது நிமிடம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தேன். நெஞ்சு முன்னைவிட அதிகமாகப் படபடத்தது. யோசித்துப் பார்த்தால், நான் ஜெபமே பண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கவலைப்பட்டுவிட்டு, கடைசியில் ஒரு ஆமென் போட்டிருக்கிறேன்.

அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நான் செய்துவருவதைச் சொல்கிறேன். வேண்டியவை: கொஞ்சம் துண்டுக் காகிதம், ஒரு பேனா, மூடியுள்ள ஒரு டப்பா.

முதலில், ஒரு காகிதத்தில் ஒரே ஒரு கவலையை எழுதுங்கள். ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது முழு வாக்கியமாக இருக்கட்டும். "உடம்பு", "பிள்ளைகள்", "கடன்" என்று தலைப்பு மட்டும் எழுதினால் அது மறுபடியும் சஸ்பென்ஸ் கணக்குதான். நான் அன்று எழுதியது இது: "வியாழக்கிழமை கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" எழுதி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நோயைவிட, டாக்டர் அறையில் வரப்போகும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன்.

எசேக்கியா ராஜாவுக்கு அசீரியரிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்ததே, 2 இராஜாக்கள் 19-ல், அப்போது அவர் என்ன செய்தார்? வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். கடிதத்தில் இருப்பது கர்த்தருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விரித்தார். சனகெரிப் என்று எதிரியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நாமோ பெயரைச் சொல்லவே பயப்படுகிறோம்.

அடுத்து, காகிதத்தைத் திருப்பி, இந்தக் காரியத்தில் இன்று நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று மத்தேயு 6:34 சொல்கிறது. பாடே இருக்காது என்று இயேசு சொல்லவில்லை. இன்றைய கஷ்டத்தை மட்டும் இன்று பார் என்றார். இதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் திட்டம் போடுகிறேன் என்ற பெயரில் கவலை மறுபடியும் நுழைந்துவிடும்.

இப்போது ஸ்தோத்திரம். நான் அதிகமாகத் தப்புப் பண்ணியது இங்கேதான்.

பிலிப்பியர் 4:6 நம்மில் பலருக்கு மனப்பாடம். "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபம்" என்று அதில் வருகிறது. நான் அதை ரசீது மாதிரி நினைத்திருந்தேன்: கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லி ரசீது கொடுக்க வேண்டும். ஆனால் பவுல் விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும் ஒரே உறையில் போடச் சொல்கிறார். அதையும் அவர் கட்டப்பட்ட நிலையிலிருந்து எழுதுகிறார். அடுத்த வசனத்தில், கேட்டது கிடைக்கும் என்ற வாக்கும் இல்லை. தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது. அந்தக் "காத்துக்கொள்ளும்" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், போர்வீரர்கள் நகரத்தைக் காவல் காப்பதைச் சொல்லும் சொல்.

இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறையிலும் இதைப் பார்க்கலாம். இயேசு முதலில் கண்ணீர் விட்டார். பிறகு, லாசரு வெளியே வருவதற்கு முன்பே, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். அழுகையும் ஸ்தோத்திரமும் ஒரே அதிகாரத்தில், சில வசன இடைவெளியில் இருக்கின்றன. அதனால் அழுதுகொண்டே நன்றி சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள்.

எப்படி எழுதுவது? கவலை எழுதிய அதே காகிதத்தில், அதே காரியத்துக்குள்ளிருந்தே மூன்று எழுதுங்கள். "உயிர், சுகம், பெலன்" என்று எல்லோரும் சொல்வதை எழுதினால் கை எழுதும், மனது அசையாது. வேறு யாரும் காப்பியடிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அன்று நான் எழுதியவை:

ஸ்கேன் எடுத்த பெண், அவர் பயப்படுகிறார் என்று கவனித்து, ஒவ்வொரு முறையும் "இப்போ சத்தம் வரும் சார்" என்று முன்கூட்டியே சொன்னாள்.

வெளியே காத்திருந்தபோது அவர் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கை போனில் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்து நிமிடம் கூடவே இருந்தாள்.

மூன்றாவதை எழுதும்போது மூச்சு சீராகியிருந்தது. பிரச்சினை அங்கேயேதான் இருந்தது. ஆனால் அந்த நாளில் அதைத் தவிர வேறு சிலவும் நடந்திருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். "அவர்களைப் பார், நமக்கு இது பரவாயில்லை" என்பது ஸ்தோத்திரம் இல்லை. லூக்கா 18-ல் பரிசேயனின் ஜெபமும் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் தொடங்கியது, மற்ற மனுஷரைப்போல் தான் இல்லையே என்பதற்காக! அப்புறம், துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று சொல்லாதீர்கள். வசனம் சரிதான், அதைச் சொல்ல நீங்கள் ஆள் இல்லை. எனக்கும் ஒருவர் சொன்னார். நல்ல மனுஷிதான். ஆனாலும் அதை மறக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

எழுதியாயிற்றா? காகிதத்தை மடித்து டப்பாவில் போட்டு, மூடி, வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, இதை உம்மிடம் வைக்கிறேன்." 1 பேதுரு 5:7-ல் "அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று வருகிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது தூக்கிப் போடுவதைக் குறிக்கும் சொல். லூக்கா 19:35-ல், எருசலேமுக்குப் போகும் வழியில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்களே, அங்கேயும் அதே சொல்தான். போட்ட பிறகு துணி கழுதையின் முதுகில் இருக்கும், தோளில் இருக்காது. அதே வசனத்தில் "அவர் உங்களை விசாரிக்கிறவர்" என்று இருப்பதும் எனக்குப் பிடிக்கும். தமிழில் விசாரம் என்றாலும் கவலைதான். நம் விசாரத்தை எடுத்துக்கொண்டு அவர் நம்மை விசாரிக்கிறார்.

சரி, இரவு இரண்டு மணிக்குக் கவலை திரும்பி வருமே? வரும். நிச்சயமாக வரும். அதோடு வாதாடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் நம் வாதம் ஒன்றும் நிற்காது. "அது டப்பாவில் இருக்கிறது, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லுங்கள். அன்று ராத்திரி நான் ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் மத்தேயு 26:44-ஐக் காட்டுங்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். செய்யவேண்டிய வேலை ஏதாவது உண்மையாகவே ஞாபகத்துக்கு வந்தால் ஒரு சீட்டில் குறித்துவிட்டுப் படுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து 77-ம் சங்கீதத்தை வாசியுங்கள். தூங்க முடியாமல் தவித்த ஒருவருடைய பாட்டு அது. பாதிவரை புலம்பல்தான்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால், டப்பாவோடு நிறுத்தாதீர்கள், டாக்டரிடமும் போங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். உடம்பைக் கவனிப்பது விசுவாசக் குறைவு இல்லை.

கவலைப்பட்டுவிட்டோமே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. "ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பவுல், எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28-ல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் டப்பாவைத் திறப்பேன். முடிந்துபோன காரியமாக இருந்தால் தேதி போட்டு, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி, தனி உறையில் போடுவேன். உறையின்மேல் "எபெனேசர்" என்று எழுதியிருக்கிறேன். சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர்: இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார். ஸ்கேன் காகிதம் அதில்தான் இருக்கிறது. கட்டி என்றுதான் ரிப்போர்ட் வந்தது. அந்த நிமிடமும் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "பார்க்கிங் சீட்டு உன் பையிலா?" என்று கேட்டார். ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் செக்கப் போகிறோம், ஒவ்வொரு முறையும் புதுக் காகிதம் எழுதுகிறேன்.

உறைக்குப் போகாத காகிதம் ஒன்று நான்கு வருடமாக டப்பாவிலேயே இருக்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை, அதைப் பற்றியது. மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு ஸ்தோத்திரம் சேர்ப்பேன். போன மாதம் எழுதியது: "அண்ணன் மகள் என் பிறந்தநாளை ஞாபகம் வைத்து மெசேஜ் அனுப்பினாள்." மடித்துத் திரும்பவும் உள்ளே போட்டேன்.