ஆற்றுக்கு எடுத்துப்போகும் கத்தி: எஃகை அப்புறம் பார்க்கலாம், முதலில் உறை

தாண்டேலியில் காளி ஆற்றிலோ, ரிஷிகேஷ் பக்கம் சிவபுரியிலோ, இலங்கையில் கித்துல்கலவிலோ காசு கட்டி ராஃப்டில் உட்காரும் பயணியா நீங்கள்? உங்களுக்குக் கத்தி தேவையில்லை. வழிகாட்டியிடம் இருக்கும், அது போதும். சொந்தக் கயாக், ராஃப்ட், பரிசல் எடுத்துப் போகிறவர்களுக்கும், த்ரோ பேக் (தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் மீட்புக் கயிற்றுப் பை) வைத்திருப்பவர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு. கயிறு எடுத்துப் போனால் கத்தியும் எடுத்துப் போகவேண்டும். ஓடும் தண்ணீரில் இழுபடும் முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உடம்பின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும்.

படி 1: எதை வெட்டப்போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கடைப்பக்கம் போகாதீர்கள். ஆற்றில் சிக்கவைப்பவை மூன்று வகை. முதலாவது த்ரோ பேக்கில் இருக்கும் மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு, பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன். சிலவற்றின் உள்ளே டைனீமா இழை இருக்கும். வழுக்கலும் உறுதியும் சேர்ந்த இழை அது, சாதாரண வெட்டுவாய்க்கு லேசில் மசியாது. இரண்டாவது ராஃப்டில் கட்டும் பட்டை நாடா. மூன்றாவது, ஒகேனக்கல் போல மீன்பிடி நடக்கும் இடங்களில் பாறையில் அறுந்து கிடக்கும் வலையும் தூண்டில் நரம்பும். கயிறு கண்ணுக்குத் தெரியும். நரம்பு தெரியாது.

படி 2: முனையும் வெட்டுவாயும்

முனை மழுங்கியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். நடுங்கும் கையோடு, இன்னொருவர் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே கத்தியை நுழைக்கப் போகிறீர்கள். கூர்முனை இருந்தால் அவரையும் குத்தும், ராஃப்டின் காற்றறையையும் குத்தும், பரிசலின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளையும் கிழிக்கும். பாறையில் மடிந்து ஒட்டிக்கொண்ட ராஃப்டைக் குத்தித் திறக்கக் கூர்முனை வேண்டும் என்று அனுபவமுள்ள வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். அது அவர்கள் வேலை. தொடக்கநிலையில் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கக்கூடாது.

வெட்டுவாயில் ரம்பப்பல் இருக்கட்டும். ஈரமான பாலிபுரொப்பிலீன் மேல் நேரான வெட்டுவாய் வழுக்கிக்கொண்டே போகும். பல் வைத்தது கயிற்றைப் பிடித்து நிறுத்தி இழை இழையாக அறுக்கும். ஆனால் மெல்லிய வலையில் அதே பல் கண்ணிகளில் மாட்டி இழுபடும். அதனால் பிடியை ஒட்டிய பாதி பல்லாகவும் முன்பாதி நேராகவும் உள்ளது நல்ல சமரசம். இருபுறமும் வெட்டுவாய் உள்ள கத்திகளும் ஆற்றுக்கென்றே விற்கிறார்கள். அவற்றின் முதுகில் கட்டைவிரலை ஊன்ற முடியாது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

அலகு 6 முதல் 8 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் நீளம் தண்ணீருக்குள் ஆபத்துதான். பிடி மஞ்சளோ ஆரஞ்சோ. கறுப்புப் பிடி படத்தில் அழகு, கூழாங்கல் நடுவே விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மடக்குக்கத்தி வேண்டாம். மணல் மூட்டுக்குள் போனால் திறக்காது, விறைத்த விரலுக்கும் திறக்காது. ஒரு கை சிக்கியிருக்கும்போது இரண்டு கை கேட்கும் கருவி எதற்கு?

படி 3: எஃகு

இணையத்தில் இதற்காகத்தான் சண்டை, ஆனால் இது சின்ன விஷயம். 420 வகைத் துருப்பிடிக்கா எஃகு நன்னீருக்குப் போதும், வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். முகத்துவாரம், கடற்கரை, பிச்சாவரம் போன்ற உப்புநீர் என்றால் எச்1 என்ற வகை. கரிமம் மிகக் குறைந்த எஃகு அது, துரு கிட்டே வராது. டி2 வகை எஃகில் கூர்மை நிற்கும், ஆனால் ஈரமான உறையில் கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். தேட ஒரு தொடக்கம் வேண்டுமானால் என்.ஆர்.எஸ். பைலட், கோ-பைலட், கெர்பர் ரிவர் ஷார்ட்டி. மூன்றும் முனை மழுங்கியவை, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் உறையோடு வருபவை.

படி 4: உறையை மாட்டும் இடம்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். நல்ல கத்தி வாங்கி, அதை ஜிப் போட்ட பைக்குள் வைப்பார்கள். அல்லது இடுப்பு பெல்ட்டில். கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு முழுக்க ஸ்பிரே டெக்குக்கு, அதாவது கயாக்கின் வாயை மூடும் துணிக்கு, கீழே போய்விடும். தொடையிலோ கணுக்காலிலோ கட்டினால் அதுவே கயிறு மாட்டும் கொக்கியாகிவிடும்.

சரியான இடம் லைஃப் ஜாக்கெட்டின் மார்பிலோ தோள்பட்டையிலோ தைத்திருக்கும், துளைகள் உள்ள சின்னப் பட்டை. அதிலும் நட்டநடு மார்பைத் தவிர்க்கவும். ராஃப்டுக்குள் திரும்ப ஏறும்போது மார்பு காற்றறையில் உரசும், உறையின் விடுவிப்புப் பொத்தான் அழுங்கும், கத்தி சத்தமில்லாமல் ஆற்றுக்குள் போய்விடும். நடுவிலிருந்து நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள். பிடி கீழ்நோக்கி இருந்தால் இழுப்பது எளிது. மேல்நோக்கி இருந்தால் முழங்கையைத் தூக்கவேண்டும், கை இறுகியிருக்கும்போது அது நடக்காது. ஆனால் பிடி கீழே இருக்கும்போது உறையின் பிடிப்புதான் எல்லாம். பொத்தானை அழுத்தாமல் கத்தி வெளியே வரவே கூடாது.

மாட்டியபின் இந்த வரிசையில் சோதியுங்கள். ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பத்துமுறை உதறவும். பிறகு அணிந்து, பட்டைகளை முழுக்க இறுக்கி, வலது கையால் இருபது முறை, இடது கையால் இருபது முறை எடுத்து வைக்கவும். தளர்வாகப் போட்டுச் சோதித்தால் பயனில்லை, இறுக்கியதும் உறை இடம் மாறும். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு. கடைசியாக ஆழமில்லாத அமைதியான நீரில் மிதந்தபடி. இடது கைக்கு எட்டவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள், கையைப் பழக்காதீர்கள். உறையின் திருகுகள் அதிர்வில் கழலும். திருகு கழலாமல் பிடிக்கும் நீலநிற லாக்டைட் பசை ஒரு சொட்டு, மேலே ஒரு கேபிள் டை.

படி 5: வெட்டிப் பாருங்கள்

8 மில்லிமீட்டர் மிதக்கும் கயிறு மூன்று மீட்டர் வாங்கி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு ஒரு கையால் அறுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் அறவேண்டும். அறாவிட்டால் கத்தி மழுங்கல், அல்லது நீங்கள் இழுக்காமல் அழுத்துகிறீர்கள்.

தளர்ந்த கயிறு வேறு கதை. இழுவிசை இல்லாமல் எந்தக் கத்தியும் வெட்டாது. கயிற்றை வளைத்து, அந்த வளைவுக்குள் அலகை நுழைத்து, கயிற்றின் இரு பக்கத்தையும் ஒரே பிடியில் பிடித்துக் கத்தியை எதிர்ப்பக்கம் இழுக்கவேண்டும். பட்டை நாடாவைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாக அறுத்தால் சீக்கிரம் போகும்.

ஆளோடு சேர்ந்த கயிறென்றால் கத்தியின் முதுகு அவர் பக்கம், வெட்டுவாய் வெளிப்பக்கம். உடம்புக்கு அருகில் வெட்டவும். கயிறு மாட்டிய மரத்துக்கு அருகில் வெட்டினால் நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டே மிதந்துபோய் அடுத்த பாறையில் மறுபடி மாட்டுவார். அதற்கு முன், விடுபட்டதும் அவர் எங்கே போவார் என்று பாருங்கள். ஆறு ஓடும் திசையில் கீழே த்ரோ பேக்கோடு ஒருவர் நிற்கவேண்டும். மீட்பு ஜாக்கெட்டில் விடுவிப்புப் பட்டை (இழுத்ததும் கயிற்றைக் கழற்றிவிடுவது) இருந்தால் முதலில் அதை இழுக்கவேண்டும், கத்தி அதற்குப் பிறகு. மிதந்துகொண்டிருப்பவரின் லைஃப் ஜாக்கெட் பட்டையை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

பின்சேர்க்கை

கத்தியை நாடாவால் ஜாக்கெட்டோடு கட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கைநழுவினால் கூர் அலகு உங்கள் மேலேயே சுழலும், நாடா இன்னொரு சிக்கலாகும். போனால் போகட்டும்.

விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் வையுங்கள். இந்திய ஆயுத விதிகளில் அலகு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம் தாண்டினால்தான் உரிமக் கேள்வி வரும். ஆற்றுக்கத்தி அதன் பக்கத்தில்கூட வராது. இருந்தாலும் பேருந்து நிலையத்தில் ஜாக்கெட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

தூண்டில் நரம்புக்கு முனை மழுங்கிய, காயத்துணி வெட்டும் கத்தரிக்கோல் கத்தியைவிட மேல். நரம்பு, ஷூ லேஸ், துணி எல்லாவற்றுக்கும் ஆகும், தோலில் படாது. குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கத்தியையும் உறையையும் தனித்தனியாகக் காயவைக்கவும். உறையின் அடியில் உள்ள வடிகால் துளையில் மணல் அடைத்திருக்கும், தீக்குச்சியால் குத்தி எடுங்கள். ரம்பப்பல்லைச் சாணைக்கல்லில் தேய்த்தால் பல்லே போய்விடும். கூம்பு வடிவ வைரக் கம்பியால், ஒவ்வொரு பல்லாக, ஒரு பக்கம் மட்டும்.