பசை போட்டு ஒட்டிய மரச்சாமானைப் பிரித்து மரத்தை மீட்பது எப்படி

காப்பாற்ற வேண்டியது மரத்தை, இணைப்பை அல்ல. ஒரு மீட்டர் சட்டத்தில் நுனி 5 சென்டிமீட்டர் போனாலும் மீதி 95 கைக்கு வரும். அந்த நுனிக்காக மல்லுக்கட்டினால் சட்டமே நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் எதைப் பிரிப்பது, எதை அறுத்துவிடுவது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்த மேசைத் தட்டைப் பிரிக்க முயலவே வேண்டாம். நாரோட்டம் (மர நார்கள் ஓடும் திசை) ஒன்றாக அமைய பலகைகள் பக்கத்தோடு பக்கம் சேர்ந்த இடத்தில் நல்ல பசை மரத்தைவிட வலுவாக நிற்கும். நெம்பினால் ஒட்டு விடாது, பக்கத்து மரம்தான் பிய்யும். ஒட்டுக்கோட்டின் மேலேயே அறுங்கள். ரம்பத் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவுதான் நஷ்டம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் விட்டுவிடுங்கள், உழைப்புக்கு ஈடாகாது. பிரித்துப் பார்க்கத் தகுந்தவை, துளைக்குள் நாக்கு நுழைந்த இணைப்புகளும் மரமுளை அடித்த இணைப்புகளும்தான்.

ஒரு காந்தத்தை இணைப்பின் மேல் நகர்த்திப் பாருங்கள். பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரே ஓர் ஆணி போதும், எல்லா உழைப்பையும் கெடுக்க. நாக்கின் குறுக்கே முளை அடித்திருந்தால் அதே அளவு டிரில் பிட்டால் துளைத்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பசையின் வகை. வழிந்து காய்ந்த ஒரு துளியில் வெந்நீர் விட்டுச் சில நிமிடம் கழித்துத் தொடுங்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய, தேன் நிறத்தில் கண்ணாடிபோல் உடைகிற வச்சிரப் பசை என்றால் பிசுபிசுக்கும். தச்சர்கள் இன்று வழக்கமாகப் போடும் வெள்ளைப் பசை (பி.வி.ஏ.) என்றால் வெளுத்து ரப்பர்போல் ஆகும். இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி அசையாது.

வச்சிரம்தான் எளிது. வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். நனைக்க விருப்பமில்லையென்றால் ஸ்பிரிட்டை இடுக்கில் விடுங்கள். பசையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், ஒட்டு நொறுங்கும். ஷெல்லாக் (அரக்கு) பாலிஷையும் அது கரைக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

வெள்ளைப் பசை 60–70 டிகிரி செல்சியஸ் வாக்கில் தளரத் தொடங்கும். சிக்கல், சூட்டை உள்ளே கொண்டுபோவதில்தான். மரம் சூட்டை மெதுவாகவே கடத்தும். ஹீட் கன்னை (சுடுகாற்றுத் துப்பாக்கி) ஒரே இடத்தில் பிடித்தால் உள்ளே பசை இளகும் முன் வெளியே கருகிவிடும். துப்பாக்கியை ஆட்டிக்கொண்டே 10, 15 நிமிடம் பொறுமையாகக் காட்டுங்கள். அல்லது கண்ணில் படாத பக்கத்தில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, ஊசி சிரிஞ்சால் சூடான வினிகரைச் செலுத்தி ஊறவிடுங்கள். ஆணித்துண்டு உள்ளே இருந்தால் வினிகர் வேண்டாம்: தேக்கு, ஓக் போன்ற டானின் (துவர்ப்புப் பொருள்) உள்ள மரங்களில் இரும்போடு சேர்ந்து கருங்கறை விழும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதன்மேல் சூடு காட்டக் கூடாது. எபாக்ஸியும் பலத்த சூட்டில் தளரும். ஆனால் புகை கெட்டது. அதை அறுத்துவிடுவதே மேல்.

பிரிக்கும்போது சுத்தியல் அடி கடைசி வழி. தலையைத் திருப்பிப் போடக்கூடிய கிளாம்ப் இருந்தால் விரிப்பானாக மாற்றி, இடையில் மரத்துண்டு வைத்து, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக் காத்திருங்கள். நாக்கு நேராகத்தான் வெளியே வரவேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் துளையின் ஓரம் பிளக்கும். "கிரீச்" சத்தம் கேட்டால் நல்லது. "படக்" என்றால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். மூன்று முறைக்கும் அசையாவிட்டால் இணைப்பை ஒட்டி அறுத்துவிடலாம்.

மிச்சப் பசையைச் சூடு இருக்கும்போதே மழுங்கிய உளியால் சுரண்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தேய்ப்புச் சூட்டில் வெள்ளைப் பசை இளகித் தாளை அடைத்துவிடும். புள்ளியளவு பசை தங்கினாலும் அங்கே பாலிஷ் ஏறாது, புதிய வெள்ளைப் பசையும் பிடிக்காது. வச்சிரம் மட்டும் விலக்கு: பழைய வச்சிரத்தின் மேல் புதியது நன்றாகவே ஒட்டும்.

நனைந்த மரத்தை உடனே இழைக்காதீர்கள், பிறகு வளையும். பலகைகளுக்கு இடையே ஒரே தடிமனில் குச்சிகள் கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, வெயில் படாத காற்றோட்டத்தில் விடுங்கள். ஒரு துண்டை மட்டும் சில நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் இழைப்புளியை எடுக்கலாம்.