ஸ்டெம் செல் மாற்று நோயாளி ஐசியூவுக்கு வந்தால்: புது நர்ஸின் முதல் ஷிப்ட்

வெள்ளை அணு இல்லாத உடம்பில் சீழ் வைக்காது. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் குழாய்) போட்ட இடத்தில் தொற்று இருக்கும். லேசான சிவப்புகூடத் தெரியாமல் போகலாம். நுரையீரலில் கிருமி இறங்கியிருக்கும். முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக வரலாம். ஸ்டெம் செல் மாற்று (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களை ஏற்றும் சிகிச்சை) செய்த நோயாளியிடம் பெரிய அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கைவிட்டுப் போய்விடும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தொடங்கிய சிகிச்சை இது. இன்று பல ஊர்களில் நடக்கிறது, அதனால் உங்கள் ஐசியூவுக்கும் ஒரு நாள் இப்படி ஒருவர் வருவார். உங்கள் வார்டு புரோட்டோகாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. "இன்று எத்தனையாவது நாள்?"

ஹேண்ட் ஓவரில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். செல் ஏற்றிய நாள் பூஜ்யம். முதல் இரண்டு, மூன்று வாரம் அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். தொற்றும் வாய்ப்புண்ணும்தான் பெரிய தொல்லை. நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு) தொடர்ந்து மூன்று நாள் 500-ஐத் தாண்டினால் செல் ஒட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்த கேள்வி, சொந்த செல்லா, கொடையாளியின் செல்லா? கொடையாளி என்றால் அந்தச் செல்களே நோயாளியின் உடம்பைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. வரலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். வயிற்றுப்போக்கை "நாலு தடவை" என்று எழுதாமல் மி.லி. கணக்கில் அளந்து எழுதுங்கள்.

2. கதவுக்கு வெளியே

வடிகட்டிய காற்று வரும் அறை அது. கதவைத் திறந்தே வைத்தால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. கை கழுவாமல் உள்ளே போகக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், ஏனென்றால் சி.டிஃப் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் ரப் கொல்லாது. உங்களுக்குச் சளி என்றால் தயங்காமல் சொல்லி வேறு நோயாளியைக் கேளுங்கள்.

3. காய்ச்சல் வந்தால்

ஒரே ஒரு முறை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது ஒரு மணி நேரம் விடாமல் 100.4 இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்ற நினைப்பே வேண்டாம். கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஓட ஆரம்பிக்க வேண்டும். ஆசனவாய் வழியாக வெப்பம் பார்க்கக் கூடாது.

ஸ்டீராய்டில் இருப்பவருக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். ஒரு நாள் இரவு மூன்று மணிக்கு என் நோயாளி, "இன்னொரு போர்வை கிடைக்குமா சிஸ்டர்?" என்றார். வெப்பம் 99 தான். ஆனால் மூச்சு நிமிடத்துக்கு 18-லிருந்து 26 ஆகியிருந்தது. சற்று முன்புதான் லைனை ஃப்ளஷ் செய்திருந்தேன். ஃப்ளஷ் செய்ததும் நடுக்கம் வந்தால் லைனிலேயே கிருமி இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் போர்வையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று டாக்டருக்கு போன் செய்தேன்.

4. லைன்

லைனின் வெளிமுனையான ஹப்பை 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம் சிரிஞ்சை மாட்டுங்கள். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் 7 நாளுக்கு ஒருமுறை, காஸ் என்றால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓரம் தூக்கினாலோ நனைந்தாலோ அப்போதே. எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ ஓடும் லூமெனில் (லைனின் உட்குழாயில்) அந்த மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுக்காதீர்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து வந்து, அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

5. தராசும் இஞ்ச் டேப்பும்

ஐசியூவில் இவ்வளவு மானிட்டர் இருந்தும், கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும் வி.ஓ.டி.யை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் எடைதான். நாளுக்கு இரண்டு முறை, அதே நேரத்தில், அதே தராசில் பாருங்கள். எடை காட்டும் கட்டில் என்றால் கட்டிலில் என்னென்ன இருக்க பூஜ்யம் செய்தீர்களோ, ஒவ்வொரு முறையும் அவை மட்டுமே இருக்கட்டும். ஒரு கூடுதல் போர்வை ஒரு கிலோவுக்கு மேல் காட்டும்! 60 கிலோ ஆள் 63 ஆனால் 5 சதவீதம் கூடிவிட்டது. வயிற்றுச் சுற்றளவுக்கு தொப்புள் மட்டத்தில் பேனாவால் குறி போட்டு, அடுத்த ஷிப்டும் அதே கோட்டில் அளக்கட்டும். எடையோடு வலது விலா ஓரத்தில் வலியும், பிலிருபின் (காமாலையைக் காட்டும் ரத்த அளவு) 2-க்கு மேலும் சேர்ந்தால் விடியட்டும் என்று விடாதீர்கள்.

6. ரத்தம், வாய்

பிளேட்லெட் 10,000-க்குக் கீழே இறங்கினால் பொதுவாக ஏற்றுவார்கள். தசை ஊசி வேண்டாம், சக்‌ஷனில் மென்மை வேண்டும். ரத்தப் பையில் கதிர்வீச்சு செய்த லேபிள் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். வாயை டார்ச் அடித்து தினமும் பார்த்து, சலைன் கொப்பளிப்பை விடாமல் செய்ய வைக்கவும். வலி இருந்தால் முதலில் வலி மருந்து, பிறகு வாய் சுத்தம்.

7. பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்

வாரக்கணக்கில் அவர் பார்ப்பது மாஸ்க்குக்கு மேலே தெரியும் கண்களை மட்டும்தான். வந்திருப்பது யார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். காலை ரிப்போர்ட் வந்ததும் அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "இன்னிக்கு கவுன்ட் எவ்வளவு சிஸ்டர்?" அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு கதவைத் திறங்கள்.