ரெண்டர் ஃபார்மில் மட்டும் வந்த ஃபோல்டர் பிழை: நியூக் பைத்தான் தீர்வு

வீடியோ காட்சிகளை அடுக்கிச் சேர்க்கும் மென்பொருளான நியூக்கில், படங்களை டிஸ்கில் எழுதும் ரைட் நோட் குறிக்கும் ஃபோல்டர் டிஸ்கில் இல்லையென்றால் ரெண்டர் முதல் ஃப்ரேமிலேயே நின்றுவிடும். புதிய பதிப்புகளில் ஃபோல்டர் உருவாக்க ஒரு டிக் பெட்டி உண்டு; ஆனால் ஒவ்வொரு நோடிலும் அதை யார் சரிபார்ப்பது? அதனால் ரெண்டருக்கு முன் தானாக ஓடும் கால்பேக்காக ஒரு சிறு ஃபங்ஷன் எழுதினேன்: நடப்பு நோடின் ஃபைல் பாதையை எடுத்து, கடைசிப் பகுதியை வெட்டி, மீதியை ஃபோல்டர் உருவாக்கும் பைத்தான் ஃபங்ஷனான மேக்டிர்ஸுக்குக் கொடுக்கும்.

என் மெஷினில் ஓடியது; ஃபார்மில், அதாவது ரெண்டருக்கென்றே உள்ள மெஷின்களின் கூட்டத்தில், ஓடவில்லை. காரணம், நிரலை நான் எழுதியிருந்த ஃபைல். நியூக் தொடங்கும்போது படிக்கும் பைத்தான் ஃபைல்களில் மெனு.பிஒய், நியூக் ஜன்னலோடு திறக்கும்போது மட்டுமே படிக்கப்படும். ஃபார்ம் நியூக்கை ஜன்னல் இல்லாத டெர்மினல் முறையில் ஓட்டுவதால் இனிட்.பிஒய் மட்டுமே படிக்கப்படும். கால்பேக்கை அங்கே மாற்றியதும் ஃபோல்டர்கள் உருவாகின. மெனு, ஷார்ட்கட், பேனல் தவிர மற்றதெல்லாம் இனிட்டில் இருப்பதே நல்லது.

அடுத்த சிக்கல்: பல மெஷின்கள் ஒரே நொடியில் அதே ஃபோல்டரை உருவாக்கப் பார்த்தன. முந்தியது ஜெயித்தது, மற்றவை பிழை எண் 17, அதாவது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று விழுந்தன. இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பது பயன்படாது. சோதனைக்கும் உருவாக்கத்துக்கும் நடுவே இன்னொரு மெஷின் புகுந்துவிடும். நியூக் 13 முதல் பைத்தான் 3 என்பதால் மேக்டிர்ஸின் எக்ஸிஸ்ட் ஓகே என்ற ஆர்க்யுமென்டை ட்ரூ ஆக்கினால் போதும். பழைய பைத்தான் 2-இல் ட்ரை, எக்ஸெப்ட் போட்டு 17-ஐ மட்டும் விழுங்க வேண்டும். எல்லாப் பிழையையும் விழுங்கினால் பிழை எண் 13-ம், அதாவது அனுமதி மறுப்பும், மறைந்துபோகும். பிறகு ரைட் நோடைக் குடைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.